எமிக்ரண்ட், இமிக்ரண்ட்: ஏற்றிய கரையும் இறக்கிய கரையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தமிழில் பேசினால் ஆயாவுக்குப் பாதி புரியும், திருப்பிச் சொல்ல வருவது ஆங்கிலம்தான். போன வருடம் அவருடைய பேத்தி, தங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கப்பலேறி வந்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று தேடத் தொடங்கினாள். இங்குள்ள ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் எமிக்ரண்ட் என்ற சொல்லைப் போட்டு இரண்டு வாரம் தேடியிருக்கிறாள். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, எங்க ஆளுங்களே இதுல இல்லையே" என்றாள்.

"எமிக்ரண்ட்டை எடுத்துட்டு இமிக்ரண்ட்னு போட்டுப் பாரும்மா" என்றேன். போட்டாள். கப்பல் பெயர்கள், தோட்டங்கள், திருமணப் பதிவுகள் என்று பக்கம் பக்கமாக வந்து விழுந்தன.

இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ பேர் மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் இங்கே தடுக்கி விழுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எமிக்ரேஷன், இமிக்ரேஷன் என்று வேகமாகச் சொன்னால் அழுத்தம் முழுவதும் 'கிரே' மேல் போய் விழுகிறது; முதலில் நிற்கும் எ, இ இரண்டும் தேய்ந்து ஒன்றுபோலக் கேட்கின்றன. பொருளும் ஒட்டிப் பிறந்தது. இரண்டுக்குமே 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதிவிட்டால் தமிழிலும் வித்தியாசம் மறைந்துவிடும்.

வித்தியாசம் இதுதான். குடியிருந்த நாட்டை விட்டு, வேறு நாட்டில் வாழ்வதற்காக வெளியே போகிறவர் எமிக்ரண்ட். வேறு நாட்டிலிருந்து, இங்கே வாழ்வதற்காக உள்ளே வருகிறவர் இமிக்ரண்ட். ஆள் ஒருவர்தான், பயணமும் ஒன்றுதான். எந்தக் கரையில் நின்றுகொண்டு அவரைப் பார்க்கிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

1860 அக்டோபர் 12ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. அதில் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யப் போனவர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும். நவம்பர் 16ஆம் தேதி கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்டோபரில் சென்னைக் கரையில் நின்று கையசைத்தவர்களுக்கு அந்த 342 பேரும் எமிக்ரண்ட். நவம்பரில் டர்பன் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதே 342 பேரும் இமிக்ரண்ட். நடுவே ஐந்து வாரக் கடல்.

நினைவில் வைத்துக்கொள்ள ஆங்கிலத்தில் ஏதேதோ உபாயம் சொல்லிக் கொடுப்பார்கள். நமக்கு அது வேண்டாம். நம்மிடமே ஒன்று இருக்கிறது. ஏற்றுமதி, இறக்குமதி. கப்பலில் ஏற்றுவது எ, ஏ வரிசை: எக்ஸ்போர்ட், எமிக்ரேஷன். கப்பலிலிருந்து இறக்குவது இ வரிசை: இம்போர்ட், இமிக்ரேஷன். இதை நான் வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் ஒரு பையனுக்குச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது: "மனுஷங்களையும் அப்படித்தான் ஏத்தி இறக்கினாங்களா?" ஆமாம், அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதி, சரக்குக்குக் கணக்கு வைப்பதுபோல் வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த ஏற்றுமதி இறக்குமதி உவமையை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அது வெறும் மனப்பாடக் குறிப்பும் இல்லை. எக்ஸ்போர்ட்டும் எமிக்ரேஷனும் நிஜமாகவே ஒரே முன்னொட்டைக் கொண்டவை; இம்போர்ட்டும் இமிக்ரேஷனும் அப்படித்தான்.

அந்த முன்னொட்டுகளைப் பார்த்துவிட்டால் எழுத்துக்கூட்டலும் கைக்கு வந்துவிடும். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருப்பது இடம் பெயர்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. மைக்ரேட் என்று ஆங்கிலத்தில் தனியாகவும் வழங்குகிறது. அதன் முன்னால் 'வெளியே' என்று பொருள்படும் எக்ஸ் வந்து, குறுகி, வெறும் எ ஆகிவிட்டது. எக்ஸிட் என்று கதவுக்கு மேலே எழுதியிருக்கிறதே, அதே எக்ஸ்தான். இன்னொன்றில் 'உள்ளே' என்ற பொருளில் இன் வந்தது. இன் என்பதும் மைக்ரேட்டும் சேரும்போது, ன் என்பது பக்கத்து ம் ஒலியைப் பார்த்துத் தானும் ம் ஆகிவிட்டது. இது நமக்குப் புதிதில்லை. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் 'மரம்கள்' என்றா சொல்கிறோம்? ககரத்தைப் பார்த்து மகரம் ஙகரமாகி மரங்கள் என்று வருகிறது. மூக்கொலி தனக்கு அடுத்து நிற்பதற்கு இணங்கிப் போவது தமிழிலும் உண்டு, லத்தீனிலும் உண்டு.

ஆகவே இமிக்ரண்ட்டில் இரண்டு எம்: ஒன்று இன் மாறியதால் வந்தது, மற்றொன்று மைக்ரேட்டின் சொந்த எம். எமிக்ரண்ட்டில் முன்னால் வந்தது எ மட்டும் என்பதால் எம் ஒன்றுதான். வகுப்பில் இதற்கு நான் ஒரு வழி சொல்வேன். இ என்ற சுட்டோடு மண் சேர்ந்தால் இம்மண். அங்கே ம் இரட்டிக்கிறது பாருங்கள். இம்மண்ணுக்கு வந்தவர் இமிக்ரண்ட். அவருக்கு இரண்டு எம்.

ஒரு சின்ன முட்டுக்கட்டை மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் தமிழ்க் காதுக்குக் குறுக்கே நிற்கும். எமிக்ரண்ட் தொடங்கும் எழுத்தின் பெயர் ஈ. அது இங்கே ஒலிப்பது எ. இமிக்ரண்ட் தொடங்கும் எழுத்தின் பெயர் ஐ. அது ஒலிப்பது இ. ஈ என்ற பெயரைக் கேட்டு, அதுதான் இமிக்ரண்ட்டின் முதல் எழுத்து என்று நினைத்துவிடுகிறவர்கள் அதிகம். ஒலியை விட்டு எழுத்தின் பெயரைப் பிடித்துக்கொள்வதால் வரும் தடுமாற்றம் அது.

இனிப் பயன்பாடு. எமிக்ரேட் என்றால் 'ஃப்ரம்', இமிக்ரேட் என்றால் 'டு' என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். தொடக்கத்துக்கு அது நல்ல ஊன்றுகோல், ஆனால் பாதி உண்மைதான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அத்தை மகனோ தங்கை மகளோ "எமிக்ரேட்டட் டு பெர்த்" என்பார்கள். டு வந்திருக்கிறதே, தப்பா? தப்பே இல்லை. பேசுகிறவர் டர்பனில் நிற்கிறார், போனவர் டர்பனை விட்டுப் போனார், ஆகவே எமிக்ரேட். போய்ச் சேர்ந்த இடத்தையும் கூடவே சொல்கிறார், அவ்வளவுதான். அதேபோல ஆஸ்திரேலியக்காரர் ஒருவர் "இமிக்ரண்ட்ஸ் ஃப்ரம் சவுத் ஆப்பிரிக்கா" என்றால் அதுவும் சரி. வேற்றுமை உருபைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேசுகிறவரின் கால் எந்த மண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

தமிழருக்கு இது கடினமான கணக்கே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அம்மாவுக்குப் போன் செய்தால் "பொங்கலுக்கு வரேம்மா" என்கிறேன். போனை வைத்துவிட்டு ஆயாவிடம் "பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்" என்கிறேன். விமானம் ஒன்று, டிக்கெட் ஒன்று. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து வருவது போவதாகிறது. தொல்காப்பியர் இதற்கென்றே விதி வகுத்திருக்கிறார்: வருதல், தருதல் என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை; செல்லுதல், கொடுத்தல் என்பவை படர்க்கைக்கு உரியவை. நம்மிடமோ நம் எதிரில் இருப்பவரிடமோ வந்தால் வருதல், நம்மை விட்டு மூன்றாமிடத்துக்குப் போனால் செல்லுதல். எமிக்ரண்ட் செல்கிறவர். இமிக்ரண்ட் வருகிறவர். இவ்வளவு பழைய பாகுபாட்டை நாவிலேயே வைத்திருக்கும் நாம் இங்கே குழம்பத் தேவையில்லை.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு அருமையான சொற்களை ஆக்கி, அரசாங்கப் பெயர்ப்பலகையிலேயே ஏற்றிவிட்டார்கள்: குடிவரவு, குடியகல்வு. அங்கே அந்த அரசுத் துறையின் தமிழ்ப் பெயரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வருவது வரவு, அகல்வது அகல்வு. தமிழ்நாட்டில் குடியேற்றம் என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களையும் நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். இந்தியிலும் பாகுபாடு உண்டு. மொரீஷியஸ் நாட்டில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய இடம் முன்பு கூலி காட் எனப்பட்டது. இன்றைய பெயர் ஆப்ரவாசி காட். ஆப்ரவாசி என்றால் வந்து குடியேறியவர், அதாவது இமிக்ரண்ட். இறங்கிய துறைக்குச் சரியான பெயர்.

இப்போது அந்தப் பெண்ணின் தேடலுக்கு வருகிறேன். ஆங்கிலேயர்கள் இந்த வேறுபாட்டை அலுவலகப் பெயர்களிலேயே வைத்திருந்தார்கள். சென்னையில், கப்பலேறும் கூலிகளைப் பார்வையிட இருந்த அதிகாரி 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரண்ட்ஸ்'. டர்பன் இருந்த நேட்டாலில் 1872க்குப் பிறகு ஏற்பட்ட பதவி 'ப்ரொடெக்டர் ஆஃப் இந்தியன் இமிக்ரண்ட்ஸ்'. ஒரே ஆளை இந்தக் கரையில் ஒருவர் எமிக்ரண்ட் என்று எழுதி அனுப்பினார், அந்தக் கரையில் இன்னொருவர் இமிக்ரண்ட் என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு இப்படி 1,52,184 பேர் வந்தார்கள். அதில் பாதிக்கு மேல் சென்னையில் ஏறியவர்கள். அவர்களைத் தேடும் குடும்பங்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். டர்பனில் தேடினால் இமிக்ரண்ட். சென்னையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் எமிக்ரேஷன். சொல் மாறினால் ஆளே இல்லை என்று ஆகிவிடும். ஆயாவின் பேத்திக்கு இரண்டு வாரம் அப்படித்தான் ஆனது.

பேரன் பேத்திகளுக்கு எந்தச் சொல்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சொல் மனிதரைச் சுட்டிருக்கிறது.

தில்லையாடி வள்ளியம்மையை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். பெயரில் தில்லையாடி இருப்பதால் அங்கிருந்து கப்பலேறிப் போனவர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் பிறந்தது ஜோஹன்னஸ்பர்கில், 1898இல். அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன எமிக்ரண்ட், தென்னாப்பிரிக்காவுக்கு வந்த இமிக்ரண்ட். வள்ளியம்மை இரண்டும் இல்லை. அவர் எந்த நாட்டையும் விட்டுப் போகவில்லை, எந்த நாட்டுக்குள்ளும் வந்து குடியேறவில்லை. பிறந்த மண்ணில் இருந்தார். ஆனால் அந்த நாட்டின் சட்டம் அவரை அப்படிப் பார்க்கவில்லை. இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போகவே தடை இருந்தது. 1913இல் வந்த சட்டத்தின் பெயரே 'இமிக்ரண்ட்ஸ் ரெகுலேஷன் ஆக்ட்'. அந்த ஆண்டுப் போராட்டத்தில் ஜோஹன்னஸ்பர்க் இருந்த ட்ரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டாலுக்குள் போய்ச் சிறைப்பட்டு, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, 16 வயதில் இறந்துபோனார். பிறந்த நாட்டுக்குள் நடந்து போன பெண்.

மூன்று பவுண்டு வரியிலும் இதே கதை. ஒப்பந்தம் முடிந்து, மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல், ஊருக்கும் திரும்பாமல் நேட்டாலில் தங்கிய கூலிகள் மேல் 1895இல் விதித்த வரி அது. 1903இல் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனதும் கட்ட வேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளையையும் நேற்றுக் கப்பலில் இறங்கியவர் வரிசையில் நிறுத்தினார்கள். 1914இல்தான் வரி நீங்கியது.

பிறகு 1927இல் தென்னாப்பிரிக்க அரசும் இந்திய அரசும் செய்த கேப் டவுன் ஒப்பந்தம். அதில் இந்தியர்களை இந்தியாவுக்கு அனுப்ப ஒரு திட்டம்; பெரியவருக்கு 20 பவுண்டு, பிள்ளைக்கு 10 பவுண்டு, கப்பல் செலவு இலவசம். அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'அசிஸ்டட் எமிக்ரேஷன்'. எமிக்ரேஷன் என்று எழுதியபோது, இவர்கள் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறுகிறவர்கள் என்று அந்தக் காகிதமே சொல்லிவிட்டது. இங்கேயே பிறந்த ஒருவர் இந்தியாவுக்குப் போனால் அது ஊர் திரும்புவது ஆகாது, அது குடியகல்வுதான். சொல்லில் சரியாக இருந்த அரசு நடத்தையில் சரியாக இருக்கவில்லை. இந்தியர்களும் இந்த நாட்டின் நிரந்தர மக்களே என்று அது ஏற்றுக்கொண்டது 1961இல். ட்ரூரோ வந்து 101 ஆண்டு கழித்து.

இன்னும் ஒன்றிரண்டு குழப்பங்கள் மிச்சம். சுற்றுலாப் போகிறவர் எமிக்ரண்ட் இல்லை, இமிக்ரண்ட்டும் இல்லை. வாழ்வதற்காகப் போக வேண்டும். அப்படியானால் சென்னை விமான நிலையத்தில் வெளிநாடு புறப்படும்போதும் இமிக்ரேஷன் வரிசையில்தானே நிற்கிறோம்? நிற்கிறோம். அது துறையின் பெயர். வருகிறவர், போகிறவர் இருவரின் பாஸ்போர்ட்டையும் அதே துறை பார்ப்பதால் அந்தப் பெயரே பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையை வைத்து இலக்கணம் படிக்க வேண்டாம். ஆனால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நன்கு அறிந்த, பாஸ்போர்ட்டில் வரும் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கிறதே, அதில் உள்ள ஈ எமிக்ரேஷன். இந்தியாவை விட்டு வேலைக்கு வெளியே போவதைச் சோதிக்க வேண்டும் என்று பொருள். இந்தியக் கரையிலிருந்து பார்க்கும் சொல், சரியான இடத்தில் நிற்கிறது. சென்னையில் 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரண்ட்ஸ்' அலுவலகம் இன்றும் இருக்கிறது.

முன்னொட்டே இல்லாத மைக்ரேட் எப்போது? டர்பனுக்கு வடக்கே, கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லாண்ட் என்ற இடத்தில் ஒரு நாணல் சதுப்பு இருக்கிறது. இங்கே கோடை வந்ததும் ஐரோப்பாவிலிருந்து தகைவிலான் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து, அந்தி சாயும் நேரத்தில் வானத்தையே மூடிக்கொண்டு நாணலில் இறங்கும். ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவை மைக்ரேட் செய்கின்றன. வந்து போய்க்கொண்டே இருப்பதால் உள்ளே, வெளியே என்ற முன்னொட்டு அவற்றுக்குப் பொருந்தாது. மனிதருக்கும் கரையைக் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் மைக்ரண்ட் என்று சொல்லலாம்.

ஆயா வீட்டுத் தேடல் பிறகு நன்றாகவே நடந்தது. பட்டியலில் பாட்டனாரின் பெயரை ஆங்கிலேயக் குமாஸ்தா தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருக்கிறார். வாய்விட்டுப் படித்த பிறகுதான் அது முனுசாமி என்று தெரிந்தது. ஜில்லா வட ஆற்காடு. நான் பிறந்ததும் அந்தப் பக்கம்தான், ஆரணிக்கு அருகே. ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பேத்தி தன் குடும்ப வரலாற்றை எழுதி எடுத்து வந்தாள். முதல் வாக்கியத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம். சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம்: "முனுசாமி வட ஆற்காட்டிலிருந்து எமிக்ரண்ட்டாகப் புறப்பட்டு, நேட்டாலில் இமிக்ரண்ட்டாக இறங்கினார்." படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப நீங்க, ஆன்ட்டி?" எனக்கும் அதே இரண்டும்தான் என்றேன், என் அம்மாவுக்கு நான் எமிக்ரண்ட், உன் தெருவுக்கு நான் இமிக்ரண்ட். "அப்ப நான்?" என்றாள். "நீ இந்த ஊர்ப் பொண்ணு" என்றேன்.

டிசம்பரில் அவள் முதல் முறையாகச் சென்னை போகிறாள். ஆரணிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் காப்பகத்துக்காக ஒதுக்கியிருக்கிறாள். தேட வேண்டிய சொல்லை மறந்துவிடக் கூடாது என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறாள், கோணல் எழுத்தில்: எழும்பூர், எமிக்ரேஷன்.